லாஸ்ட் சீரிஸ் எடுத்த இடங்களைத் தேடி ஓவாஹு தீவுக்கு: முழுமையான வழிகாட்டி

விமான விபத்தில் தப்பி ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையைச் சொல்லும் அமெரிக்க டிவி தொடர் லாஸ்ட். அதன் 6 சீசன்களும் (2004 முதல் 2010 வரை) பெரும்பகுதி ஹவாய் மாநிலத்தின் ஓவாஹு தீவில்தான் எடுக்கப்பட்டன. அந்த இடங்களைப் பார்க்கவென்றே கிளம்புகிறவர்கள் சொதப்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: டிக்கெட்டும் ஹோட்டலும் போட்ட பிறகு, போய் இறங்கியபின் "எந்த பீச்சுப்பா அது?" என்று தேட ஆரம்பிக்கிறார்கள். சீன் முதலில், இடம் அடுத்து, மாதம் அதற்கடுத்து, டிக்கெட் அப்புறம்தான்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கதையில் கடற்கரையிலிருந்து காட்டுக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரத்தில் பெரிய பள்ளத்தாக்கு வந்துவிடும். நிஜத்தில் அந்தக் கடற்கரைக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே காரில் ஒரு மணி நேரம். எபிசோட் வரிசையில் சுற்றினால் பாதிப் பொழுது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே போய்விடும். சாலை எப்படிப் போகிறதோ அப்படித்தான் நாமும் போக வேண்டும்.

1. எல்லாவற்றுக்கும் முன் விசா

ஹவாய் அமெரிக்க மாநிலம். இந்தியா, இலங்கை, மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசிட்டர் விசா வேண்டும். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பிரிட்டன் பாஸ்போர்ட் என்றால் சுற்றுலாவுக்கு ஆன்லைனில் வாங்கும் எஸ்டா அனுமதி போதும்.

இந்தியாவில் விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, காத்திருக்கும் காலத்தில் கீழே உள்ள 2, 3, 4 வேலைகளை முடியுங்கள். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டைத் தொடவே வேண்டாம். "ஆஃபர் போய்விடும்" என்று அவசரப்பட்டவர்கள் டிக்கெட் பணத்தை மொத்தமாக இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கார் ஓட்டப் போகிறவர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிவிட வேண்டும். அதோடு அசல் லைசென்ஸும், அவர் பெயரிலேயே ஒரு கிரெடிட் கார்டும். மனைவி கார்டில் பணம் கட்டி கணவர் ஓட்டுவதெல்லாம் ரென்டல் கவுன்டரில் சுலபமாக நடக்காது. ஓட்டுபவருக்கு 25 வயது ஆகவில்லை என்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.

2. சீன்களைத் தேர்ந்தெடுத்தல்

மொத்த சீரிஸையும் மறுபடி ஓட்ட வேண்டாம். முதல் சீசனையும் உங்களுக்குப் பிடித்த எபிசோடுகளையும் பார்த்து, மறக்கவே முடியாத காட்சிகளை மட்டும் குறியுங்கள். பத்துக்குமேல் போனால் பட்டியலை வெட்டுங்கள். குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் ஆறு போதும். சீரிஸ் பார்க்காத மாமியாருக்கு ஆறாவது "இங்கேதான் எடுத்தாங்க"வுக்குமேல் பொறுமை இருக்காது.

ஒவ்வொரு சீனுக்கும் இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒன்றில் பின்னணி மலை தெளிவாகத் தெரிய வேண்டும், மற்றொன்றில் ஆட்கள் நிற்கும் இடம். மலை முகட்டின் வளைவும் வெட்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன. மரங்களை நம்பிப் போனால் ஏமாற்றம்தான், இருபது வருடத்தில் வளர்ந்தவையும் விழுந்தவையும் ஏராளம்.

படங்களைப் போனிலேயே சேமித்து வையுங்கள், மேப்பையும் ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள். பள்ளத்தாக்குகளுக்குள்ளும் தீவின் வடமேற்கு மூலையிலும் சிக்னலை நம்ப முடியாது.

மூங்கில் காடு, கொடி படர்ந்த பாதை போன்ற காட்சிகளை விட்டுவிடுங்கள். எல்லா மூங்கில் புதரும் ஒன்றுபோலவே இருக்கும்.

3. இடங்களை நான்காகப் பிரித்தல்

இந்த வேலையைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வழிகாட்டியில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

*யாரும் போகலாம்:* மொகுலேயா கடற்கரை, விமானம் விழுந்து கிடக்கும் முதல் காட்சிகள் எடுத்த இடம். வடகரை ஊரான ஹலெய்வாவுக்குப் பக்கத்தில் உள்ள பப்பாய்லோவா கடற்கரை, உயிர்தப்பியவர்களின் கடற்கரை முகாமைப் பிறகு எடுத்த இடம்.

*டிக்கெட் வாங்கிப் போகலாம்:* குவாலோவா பண்ணை, பியோடோ-இன் கோயில், வைமேயா பள்ளத்தாக்கு.

*வெளியே நின்று பார்க்கலாம்:* மொகுலேயாவில் உள்ள ஒய்எம்சிஏ கேம்ப் எர்ட்மன். கதையில் அந்தத் தீவில் முன்பே இருந்த "மற்றவர்கள்" வாழ்ந்த குடியிருப்பு இதுதான். சிறுவர் முகாம்கள் நடக்கும் இடம், அனுமதியில்லாமல் கேமராவோடு உள்ளே போனால் சங்கடமாகிவிடும். முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், சம்மதித்தால் போங்கள். இல்லையென்றால் சாலையிலிருந்து பார்ப்பதோடு சரி.

*இப்போது இல்லாதவை:* உடைந்த விமானம். பழைய லாக்ஹீட் எல்-1011 விமானம் ஒன்றைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து போட்டு எடுத்த காட்சி அது. எடுத்து முடித்ததும் அகற்றிவிட்டார்கள். மணலில் ஒரு போல்ட்கூடக் கிடையாது. கதையில் வரும் சுரங்க அறைகளின் உட்புறம் எல்லாம் ஸ்டுடியோ செட், அவற்றையும் தேடாதீர்கள்.

ஹவாயில் கடற்கரை மணல் பொதுச்சொத்து, ஆனால் அதற்குப் போகும் பாதை தனியார் நிலமாக இருக்கலாம். பொதுப் பாதை எது என்பதை வீட்டிலிருந்தே மேப்பில் குறித்துக்கொண்டு போங்கள். "கபு" என்று பலகை இருந்தால் உள்ளே போகக் கூடாது என்று பொருள். வேலியில் ஓட்டை இருப்பதாக ஏதாவது வீடியோ சொன்னாலும் நம்பிப் போகாதீர்கள். அபராதமும் உண்டு, ஆபத்தும் உண்டு.

4. எந்த மாதம்?

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர். காரணம் அலை. ஓவாஹுவின் வடகரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ராட்சத அலைகள் அடிக்கும். உலக அலைச்சறுக்கு வீரர்கள் அங்கே கூடுவது அந்தப் பருவத்தில்தான். படக்குழுவே இந்தக் குளிர்கால அலையால்தான் மொகுலேயாவில் போட்ட முகாமை பப்பாய்லோவாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. டிசம்பர் லீவில் போனால் நீங்கள் பார்க்க நினைத்த மணல் திட்டின்மேல் கடல் ஏறி நிற்கலாம்.

ஜூன், ஜூலையில் கடல் அமைதி, ஆனால் அமெரிக்கப் பள்ளி விடுமுறை. விலையும் கூட்டமும் எகிறும்.

5. டிக்கெட்டும் தேதிக்கோடும்

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. டோக்கியோ, சியோல் வழியாகப் போகலாம், அமெரிக்க மேற்குக் கரை வழியாகவும் போகலாம். மேற்குக் கரை வழி என்றால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும். பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதனால் நடுவில் 3 மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு சிட்னியிலிருந்தே நேரடி விமானம் உண்டு. கதையில் விழுந்த விமானமும் சிட்னியில் கிளம்பியதுதான். சகுனம் பார்ப்பவர்கள் வேறு வழியில் வரலாம்.

ஆசியாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ போகும்போது தேதிக்கோட்டைத் தாண்டுகிறீர்கள். டோக்கியோவில் சனிக்கிழமை இரவு ஏறினால், ஓவாஹுவில் உள்ள ஹோனலுலு நகரில் இறங்கும்போது அதே சனிக்கிழமை காலை. ஹோட்டலை ஞாயிறு முதல் போட்டுவைத்து, சனிக்கிழமை பெட்டியோடு லாபியில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. திரும்பும்போது ஒரு நாள் காணாமல் போகும். திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டுமென்றால் சனிக்கிழமையே கிளம்புங்கள். ஹவாய் நேரத்தைவிட இந்திய நேரம் பதினைந்தரை மணி நேரம் முன்னால்.

6. தங்குமிடம், கார்

ஷூட்டிங் இடங்கள் வடக்கில்தானே இருக்கின்றன, அங்கேயே வீடு எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஓவாஹுவில் ரிசார்ட் பகுதிகளுக்கு வெளியே 30 நாளுக்குக் குறைவாக வீடு வாடகைக்கு விடுவது, பழைய அனுமதி வைத்திருக்கும் சில வீடுகள் தவிர, சட்டப்படி தடை. இணையத்தில் மலிவாகத் தெரியும் வடகரை வீட்டை நம்பிப் பணம் கட்டினால் கடைசி நேரத்தில் ரத்தாகலாம். முதல்முறை போகிறவர்கள் ஹோனலுலுவின் ஹோட்டல் பகுதியான வைக்கிக்கியில் தங்குவதே நல்லது.

வைக்கிக்கி ஹோட்டல்களில் அறை வாடகை தவிர ரிசார்ட் கட்டணம், பார்க்கிங் கட்டணம் என்று தனித்தனியாக ஏறும். ஆகவே தங்கும் நாள் முழுக்கக் கார் எடுக்காதீர்கள். கிழக்கு, வடக்கு போகும் நாட்களுக்கும் மழைக்கென ஒதுக்கும் நாளுக்கும் மட்டும் எடுங்கள்.

அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். இரவு விமானத்தில் தூங்காமல் வந்து, இறங்கிய அன்றே ஓட்டுவது வேண்டாத வேலை.

'தி பஸ்' என்னும் பொதுப் பேருந்திலும் குவாலோவா, வைமேயா பக்கம் போகலாம், நேரம் நிறையப் பிடிக்கும். மொகுலேயா கடைசி வரை பஸ் கிடையாது.

7. முதல் நாள்: நகரத்துக்குள், கால்நடையாக

தூக்கம் கலையாத நாள் இது. கார் வேண்டாம். வைக்கிக்கியிலிருந்து நடந்தே ஹவாய் கன்வென்ஷன் சென்டருக்குப் போகலாம். கதையில் சிட்னி விமான நிலையமாக வந்தது இதுதான். கண்ணாடிக் கூரையையும் நெடிய தூண்களையும் வெளியிலிருந்தே அடையாளம் தெரியும். உள்ளே மாநாடு நடந்தால் விட மாட்டார்கள்.

ஃபிளாஷ்பேக்கில் வரும் சியோல், லண்டன், லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் பெரும்பாலானவை ஹோனலுலு டவுன்டவுனும் சைனாடவுனும்தான். போர்டையும் வண்டிகளையும் மாற்றி எடுத்தார்கள். தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம், மாலையில் ஒரு சுற்று நடந்தால் போதும்.

8. இரண்டாம் நாள்: கிழக்குப் பக்கம், காலை வெளிச்சத்தில்

கிழக்குக் கரையின் கூலாவ் மலைச்சுவர் சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. காலையில் அதன் மடிப்பு ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். பகல் ஏற ஏற மேகம் வந்து உட்காரும், மாலையில் மலை கறுப்பாகிவிடும். கிழக்கை மதியத்துக்குமேல் வைத்துக்கொண்டவர்கள் எடுத்த படத்தில் மலையே இருக்காது.

முதலில் கனேஓஹேயில் உள்ள பியோடோ-இன் கோயில். வைக்கிக்கியிலிருந்து சுமார் அரை மணி நேரம். காலையில் எல்லாரும் ஹோனலுலுவுக்கு உள்ளே வரும்போது நாம் வெளியே போகிறோம், அதனால் டிராஃபிக் குறைவு. கதையில் வரும் கொரியத் தம்பதி சன், ஜின் ஜோடியின் கொரியக் காட்சிகளுக்குப் பயன்பட்ட இடம். உண்மையில் இது ஜப்பானின் ஊஜி நகரக் கோயிலைப் பார்த்து 1968-இல் கட்டியது. திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், குளத்துக்கு இந்தப் பக்கம் பாலத்தருகே நின்றால் கோயிலும் பின்னால் மலையும் ஒரே படத்தில் வரும். உள்ளே போகுமுன் பெரிய மணியை ஒருமுறை அடிப்பது வழக்கம். சுற்றிலும் கல்லறைத் தோட்டம் இருப்பதால், இறுதிச்சடங்கு நடந்தால் ரீல்ஸ் எடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

அடுத்து குவாலோவா பண்ணை, அங்கிருந்து இருபது நிமிடம். சுமார் 4,000 ஏக்கர் தனியார் நிலம். நம் காரில் கஆஅவா பள்ளத்தாக்குக்குள் நுழைய முடியாது, பண்ணையின் டூரில்தான் போக வேண்டும். பல டூர்கள் இருக்கின்றன, படப்பிடிப்பு இடங்களைக் காட்டும் பஸ் டூரைப் பார்த்து எடுங்கள். காலை 10 மணி வாக்கில் உள்ளது நல்லது. சீக்கிரம் விற்றுவிடும், வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

டூரில் ஜுராசிக் பார்க் பேச்சுதான் அதிகம் இருக்கும், 1993-இல் வெளியான அந்தப் படமும் இதே பள்ளத்தாக்கில் எடுத்தது. ஏறும்போதே வழிகாட்டியிடம் "லாஸ்டுக்காக வந்திருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். கதையில் வரும் ஹர்லி கோல்ஃப் மைதானம் போட்ட புல்வெளியைக் காட்டுவார். நிற்க விடும் நேரம் சில நிமிடம்தான், ஸ்கிரீன்ஷாட்டை முன்பே திறந்து வைத்திருங்கள்.

இங்கே படத்தைப் பொருத்துவது எப்படி என்றால், முதலில் பள்ளத்தாக்கின் இரு பக்க மலைகளும் வானத்தில் ஆங்கில 'வி' போல விழும் இடத்தை ஸ்கிரீன்ஷாட்டில் பாருங்கள். அந்த 'வி'யின் அடிப்புள்ளி எந்த முகட்டுக்கு நேராக இருக்கிறதோ, அதே நேர்கோடு வரும்வரை இடமோ வலமோ நகருங்கள். கோணம் சரியானபின் ஜூம் செய்யுங்கள். சீரிஸில் தூரத்து மலையைப் பக்கத்தில் காட்டும் நீள லென்ஸ் நிறையப் பயன்பட்டிருப்பதால், போனை அப்படியே நீட்டி எடுத்தால் மலை குட்டியாகத்தான் விழும்.

இதோடு அன்றைய வேலை முடிந்தது. "இன்னும் வெயில் இருக்கே" என்று அப்படியே வடக்கே போகாதீர்கள். கமேஹமேஹா நெடுஞ்சாலை இருவழிச் சாலை. லனியாகேயா கடற்கரையில் ஆமை பார்க்க வண்டிகள் நின்று அடைத்துக்கொள்ளும். நீங்கள் போய்ச் சேரும்போது இருட்டிவிடும்.

9. மூன்றாம் நாள்: வடகரை, மாலை வெளிச்சத்துக்கு

எச்-1, எச்-2 நெடுஞ்சாலைகள் வழியாக ஹலெய்வா சுமார் ஒரு மணி நேரம். ஊருக்குள் நிற்காமல் நேரே வைமேயா பள்ளத்தாக்குக்குப் போங்கள். முதல் சீசனில் கேட், சாயர் என்ற இரு கதாபாத்திரங்கள் குதித்து நீந்தி பெட்டியைக் கண்டெடுக்கும் அருவி இங்கே இருக்கிறது. வாசலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடக்க வேண்டும், நல்ல தளம் போட்ட பாதை. தண்ணீரில் இறங்க லைஃப் ஜாக்கெட் கட்டாயம், சில நாள் இறங்கவே விட மாட்டார்கள். உடம்பில் ஆறாத காயம் இருந்தால் ஹவாயில் எந்த ஓடையிலும் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு.

திரும்பி வரும் வழியில் பப்பாய்லோவா. கதையில் ஆளில்லாத தீவு. நேரில் மணலை ஒட்டியே பெரிய பெரிய வீடுகள். கேமரா அவற்றை விட்டுவிட்டு எடுத்தது, நீங்களும் கடலை ஒட்டி நின்று கரையின் நீளவாட்டில் பார்த்தால் பழைய முகாம் கண்ணுக்குப் பிடிபடும். குடியிருப்புப் பகுதி என்பதால் யார் வீட்டு வாசலையும் மறித்து நிறுத்தாதீர்கள். கரையேறிக் கிடக்கும் ஆமையிடமிருந்து 10 அடி, துறவி சீல் (மாங்க் சீல்) என்னும் கடல்நாயிடமிருந்து 50 அடி தள்ளி நிற்க வேண்டும்.

ஹலெய்வாவில் சாப்பிட்டு, தண்ணீரும் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கே வையலுவா ஊரைத் தாண்டினால் கடை அரிது.

பிற்பகலில் மொகுலேயா. ஃபாரிங்டன் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் சிறு விமானத் தளம் ஒன்று வரும், பழைய பெயர் டில்லிங்ஹம். விமானம் விழுந்த காட்சி அதன் பக்கத்துக் கடற்கரையில் எடுத்தது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று வையனாய் மலையைப் பாருங்கள், முதல் எபிசோடின் பின்னணி அதுதான். கரையோரம் நம்மூர் சவுக்கு மரங்கள் நிற்கும். மணலில் உதிர்ந்து கிடக்கும் சவுக்குக் காய் வெறுங்காலில் நன்றாகக் குத்தும், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதாநாயகன் ஜாக்போல ஓட நினைப்பவர்கள் கவனிக்கவும். உயிர்காக்கும் காவலர்கள் இல்லாத கரை, நீந்த ஏற்றதல்ல. மேலே கிளைடரும் ஸ்கைடைவிங் விமானமும் பறப்பதால் ட்ரோனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

கேம்ப் எர்ட்மன் இன்னும் சற்று மேற்கே. அதைத் தாண்டியதும் சாலை முடிந்துவிடும். மேப்பில் தீவின் மறுபக்கம் பக்கத்தில் தெரியும், "அப்படியே சுற்றிப் போய்விடலாம்" என்று தோன்றும். கயேனா முனையைச் சுற்றிக் கார்ச் சாலை கிடையாது, வந்த வழியேதான் திரும்ப வேண்டும். கிளம்பும்போது டேங்கில் அதற்கும் பெட்ரோல் இருக்கட்டும்.

இந்தக் கரையோரப் பார்க்கிங்குகளில் கார் கண்ணாடியை உடைத்துத் திருடுவது சகஜம். பாஸ்போர்ட்டைக் காரில் வைத்துவிட்டு இறங்காதீர்கள். டிக்கியில் மறைப்பதாக இருந்தால் கிளம்பும் இடத்திலேயே மறையுங்கள். பார்க்கிங்கில் நின்று டிக்கியைத் திறந்து பையை வைப்பது, திருடனுக்கு இடம் காட்டுவதுதான்.

10. மழைக்கு ஒரு நாள்

நான்காவது நாளைக் காலியாக விடுங்கள், காரை மட்டும் வைத்திருங்கள். கிழக்குப் பக்கம் எப்போது மேகம் கவியும் என்று சொல்ல முடியாது. பியோடோ-இன் பார்ப்பது மழையால் கெட்டுப்போனால் இந்த நாள் காலையில் மறுபடி போகலாம். மழை வரவில்லை என்றால் வடகிழக்கில் கவேலா விரிகுடாவின் ஆலமரக் கூட்டத்தைப் பாருங்கள், லாஸ்ட் காட்டுக் காட்சிகள் அங்கேயும் எடுத்தார்கள்.

11. சாப்பாடும் சன்ஸ்கிரீனும்

சைவக்காரர்கள் முதலில் ஏமாறுவது ஸ்பேம் முசுபியில். சோற்றுக் கட்டியின்மேல் கடற்பாசி சுற்றி அழகாக இருக்கும், நடுவில் இருப்பது பன்றி இறைச்சி. ஹோனலுலுவில் டவுன் டு எர்த் என்ற முழுச் சைவக் கடை உண்டு, காலையில் அங்கே கட்டிக்கொண்டு கிளம்புவது உத்தமம். ஹலெய்வாவில் அசாயி பழக் கிண்ணமும் ஐஸ் துருவலும் கிடைக்கும். ஊரிலிருந்து ஊறுகாய், பொடி கொண்டு போனால் சுங்கச் சோதனையில் சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் தடை.

ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ள சன்ஸ்கிரீனை விற்க ஹவாயில் 2021 ஜனவரி முதல் தடை, பவளப்பாறைக்குக் கெடுதல் என்பதால். துத்தநாக ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

12. திரும்பும் நாள்

காரைத் திருப்பித் தருமுன் பெட்ரோல் நிரப்பி, மிதியடியில் உள்ள மணலைத் தட்டிவிடுங்கள். நிறைய மணல் இருந்தால் சுத்தம் செய்யக் கட்டணம் போடுகிறார்கள்.

அமெரிக்க மெயின்லாண்ட் வழியாகத் திரும்பினால் ஹோனலுலு விமான நிலையத்தில் பெட்டிகளுக்கு விவசாயச் சோதனை உண்டு. அன்னாசி, தேங்காய் போகலாம். சந்தையில் வாங்கிய மாம்பழத்தை அங்கே எடுத்துவிடுவார்கள், அதனால் முந்தின ராத்திரியே சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.